கத்தியா, ஊசியா?

சில திங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் கணவருடனும் மகளுடனும் பங்கு இல்லத்துக்கு வந்தார். மகளின் திருமண ஓலை வாசிக்க நாள் குறித்தாயிற்று. குறித்த பிறகும் அவர்கள் எழவில்லை. “சாமி, முகத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்வது பாவமா?” என்று கேட்டுவிட்டு அம்மையார் தரையை நோக்கினார். (இதனை எழுத அவருடைய இசைவைப் பெற்றுள்ளோம்.)

அவருக்கு வயது 61. மேல் இமைகளின் தோல் தளர்ந்து, மடிந்து, கண்களின்மேல் சரிந்திருந்தது. “எதிரே வருகிறவர்களெல்லாம், ஏன் டீச்சர், உடம்புக்கு என்ன என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்” என்றார். கத்தி வேண்டாம், ஊசியே போதும் என்பது மகளின் கட்சி. அரைமணி நேர வேலையாம். பக்கத்து ஊர் அழகு நிலையத்திலேயே போடுகிறார்களாம். திருமணத்துக்கோ இன்னும் 6 வாரம்தான். கணவரோ, “இந்த வயதில் உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். அவர் இப்படிப் பலமுறை கூறியதே அம்மையாரை மருத்துவரிடம் விரட்டியிருக்குமோ என்பது நம் ஐயம்.

வீண்பெருமையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் நம் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் சுவரில் தொங்கிய நம் குருத்துவ வெள்ளிவிழாப் படம் கண்ணில் பட்டது. அதை எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் கண்ணுக்குக் கீழுள்ள தொங்கலைச் சற்றுக் குறைக்குமாறு சொல்லி வைத்தவர் நாமேதான். ஆகவே வாயை மூடிக்கொண்டோம்.

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958 அக்டோபர் 4-ஆம் நாள், தாம் இறப்பதற்கு 5 நாட்களுக்கு முன், இத்தாலியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் இதே பொருள் குறித்து உரையாற்றினார். உடலழகும் நன்மையே, எனினும் மேலான நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது. இத்தகைய அறுவை தன்னளவில் தீயதன்று, நோக்கத்தையும் சூழ்நிலையையும் பார்க்கவேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். இதைச் சொன்னதும் அம்மையார் நிமிர்ந்தார். “அப்படியானால் கத்தியா, ஊசியா?” என்றார். அதற்குக் குருமடத்தில் நமக்குப் பாடம் இல்லை. நம் குருமடத் தோழர் ஒருவரின் தம்பி பிளாஸ்டிக் அறுவை மருத்துவர். அவரிடம் நால்வருமாகச் சென்றோம்.

மருத்துவர் முதலில் ஒரு வேலை செய்தார். அம்மையாரைக் கண்மூடச் சொல்லி, நெற்றி தளர்ந்ததும் புருவங்களைக் கட்டைவிரல்களால் அசையாமல் அழுத்திக்கொண்டு, “இப்போது திறங்கள்” என்றார். திறந்தும், இமைத்தோல் கருவிழியில் பாதியை மறைத்துக்கொண்டே நின்றது. “பார்த்தீர்களா? இவர் பகல் முழுவதும் நெற்றித் தசையால் இமையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். நெற்றிச் சுருக்கம் வந்தது அதனால்தான். சுருக்கம் போக ஊசி போட்டால் அந்தத் தசை ஓய்ந்துவிடும்; புருவம் இன்னும் இறங்கும்; கண் இன்னும் மூடும்.”

மகள் வாயடைத்துப் போனாள். நாமும் அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். ஊசியிலும் இரண்டு வகை உண்டு. போட்டாக்ஸ் என்பது உணவை நஞ்சாக்கும் ஒரு கிருமியின் நச்சை மிகமிகச் சிறிய அளவில் செலுத்தித் தசையைத் தளர்த்துவது. 1989-இல் அமெரிக்க அரசு இதற்கு முதலில் இசைவளித்தது மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்குமே. புருவ நடுக்கோடுகளுக்கு இசைவு கிடைத்தது 2002-இல். அதன் பலன் மூன்று நான்கு திங்களே. ஆண்டுக்கு 3 முறை என்றால் 10 ஆண்டுகளில் 30 முறை! மற்றது ஃபில்லர்; வற்றிய கன்னத்தை நிரப்பும், தளர்ந்த தோலைக் குறைக்காது. தவறி இரத்தக் குழாயில் இறங்கினால் தோல் அழுகலாம்; அரிதாகக் கண்பார்வையே போகலாம். இதை அழகு நிலையத்து நாற்காலியில் போட்டுக்கொள்வதா? மகள் லேசரைப் பற்றியும் கேட்டாள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருந்திட்டு விழக்கூடும் என்றார் மருத்துவர்.

கத்தியையும் அவர் புகழவில்லை. இமை மடிப்புக்குள்ளேயே வெட்டித் தைப்பது. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். வீக்கமும் கன்றலும் இரண்டு வாரம் வரை இருக்கும். தழும்பின் சிவப்பு மறைய மேலும் நாளாகும். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வைக்கு ஊறு நேர்வதும் உண்டு, மிக அரிதாக. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்பிரின், கண் வறட்சி, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தக்கூடாது, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்கவேண்டும் என்றும் எச்சரித்தார்.

திரும்பி வரும் வழியில் மகள் அழுதுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முன் அம்மா சோர்ந்தவராய்த் தெரியக்கூடாதே என்பதே அவளது ஏக்கம். அம்மையார் அவள் கையைப் பற்றிக்கொண்டு, “உனக்காக என்றால் வேண்டாம், கண்ணு. எனக்காக என்றால் அவசரமில்லை” என்றார். வண்டியில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

பழைய முகத்தோடேயே அவர் மகளைத் திருமணத்துக்கு அழைத்து வந்தார். 3 திங்கள் கழித்து அறுவை நடந்தது. முதல் வாரம் கறுப்புக் கண்ணாடியோடு கடைசி வரிசையில் அமர்ந்து திருப்பலி கண்டார். இப்போது பாடல் எண் பலகையைப் பார்க்க முகவாயைத் தூக்குவதில்லை. நெற்றிக் கோடுகளும் ஊசியில்லாமலே சற்றுத் தணிந்திருக்கின்றன. முழுதும் மறையவில்லை. “நலம் விசாரிக்கிறவர்கள் இப்போது என்னைத்தான் விசாரிக்கிறார்கள், சாமி” என்று குறைபட்டுக்கொள்கிறார் கணவர்.

வெள்ளிவிழாப் படம் மட்டும் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. சென்ற வாரம் புதிதாக வந்த உபதேசியார் அதை உற்றுப்பார்த்துவிட்டு, “இது சாமியின் தம்பியா?” என்று கேட்டார்.