முதலில் புகை அகலட்டும்

புதுமனை மந்திரிக்கவும், நோயுற்றோருக்கு நற்கருணை வழங்கவும் இல்லங்களுக்குச் செல்லும்போது, கூடத்தை மட்டுமன்றி அடுக்களையையும் நாம் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் உண்மை நிலையைக் கூடம் மறைக்கலாம்; அடுக்களை மறைப்பதில்லை. சிற்றூரிலும் நகரத்திலும் பல்லாண்டுகளாக நாம் கண்டறிந்த சிலவற்றை இம்மாதம் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். எந்த அடுப்பு நல்லது, எந்தக் கருவி சிக்கனமானது என்பன குருவானவர் பேசத்தக்க பொருள்களா எனச் சிலர் வினவலாம். குடும்பத்தின் வருவாயும் தாயின் உடல்நலமும் அவற்றைச் சார்ந்திருக்கும்போது, பேசாதிருப்பதுதான் தவறு.

அண்மையில் கூலித்தொழில் செய்யும் குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். கூடத்தில், தவணை முறையில் வாங்கிய ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி மேலுறைகூடக் களையப்படாமல் நின்றது. கொல்லைப்புறச் சார்ப்பிலோ, அறுபதைக் கடந்த தாயார் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அவ்வீட்டில் எரிவாயு அடுப்பு இல்லாமலில்லை. “சாமி, பெட்டிக்கு மாசாமாசம் தவணை கட்டணும். அதனாலே சோறும் வெந்நீரும் விறகிலேதான். சிலிண்டரை இழுத்துப் பிடிக்கிறோம்” என்றார் அவர், இருமலுக்கிடையே. கூடத்துப் பெட்டிக்குரிய விலையில் ஒரு பங்கை அவரது நெஞ்சு செலுத்திக்கொண்டிருந்தது!

விறகுப் புகை வெறும் கண்ணெரிச்சல் அன்று. வீட்டு அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நுரையீரலையும் இருதயத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும் அப்புகையை மிகுதியாகச் சுவாசிப்போர் அடுப்பருகே இருக்கும் பெண்களும், அவர்தம் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே. ஆகவே, சமையற் கருவி வாங்க எண்ணும் குடும்பத்திற்கு நாம் கூறும் முதல் விதி இது: வீட்டில் புகை இருக்குமாயின், முதற்செலவு அதை அகற்றுவதற்கே ஆகட்டும். மற்றவை அதன் பின்னர் வரட்டும்.

“எரிவாயு விலை ஏறிக்கொண்டே போகிறதே, எவ்வாறு கட்டுப்படியாகும்?” என்பது நியாயமான கேள்வி. இதற்கு விடை கடையில் மட்டுமன்று, அடுக்களைப் பழக்கத்திலும் இருக்கிறது. நீர் கொதித்தபின் தீயை எவ்வளவு பெருக்கினாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. ஆவிதான் மிகுதியாகப் போகும். ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர ஆகும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு, அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. எனவே, மூடியின்றிக் கொதிக்கும் பாத்திரம் காசைக் காற்றில் விடுகிறது. கொதி வந்ததும் தீயைத் தணிப்பதற்கும், பாத்திரத்தை மூடிவைப்பதற்கும் ஒரு காசும் செலவில்லை. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கங்களில் ஏறலாகாது. நீலமாக எரியவேண்டிய தீ மஞ்சளாக எரியுமாயின் பர்னரில் அடைப்பு உண்டெனக் கருதித் துப்புரவு செய்தல் வேண்டும். பருப்பையும் அரிசியையும் அரைமணி நேரமாவது, கொண்டைக்கடலையை முதல்நாள் இரவிலேயே ஊறவைத்தால் அடுப்பெரியும் நேரம் குறையும்.

இவற்றோடு சேரத்தக்க ஒரு கருவி பிரஷர் குக்கர். 1679 ஆம் ஆண்டிலேயே டெனி பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலண்டனில் இதன் மூலவடிவை அமைத்துக் காட்டினார். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் 1959 ஆம் ஆண்டையொட்டி இதனை இல்லந்தோறும் கொண்டுவரத் தொடங்கின. அடைபட்ட ஆவியின் அழுத்தத்தால் உள்ளே வெப்பம் சுமார் 120 பாகை செல்சியஸ் வரை ஏறுவதால், உணவு விரைவில் வேகிறது. ஒன்றன்மேலொன்றாகப் பாத்திரங்களை அடுக்கினால் சோறும் பருப்பும் காயும் ஒரே தீயில் முடியும். முழு அழுத்தம் வந்தபின் தீயைக் குறைத்துவிட வேண்டும். விசில்களின் எண்ணிக்கை மிகுந்தால் வீணாவது எரிவாயுவே.

இனி, எரிவாயுவா மின்சாரமா என்னும் வினா. எரிவாயு அடுப்பின் தீயில் ஒரு பகுதியே பாத்திரத்தைச் சேரும். எஞ்சியது அறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷன் அடுப்போ பாத்திரத்தின் அடியிலேயே வெப்பத்தை உண்டாக்குவதால் இழப்பு குறைவு. நாம் கணக்கிட்டுப் பார்த்த அளவில், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை அவ்வடுப்பு ஏறத்தாழ 140 முதல் 150 யூனிட் மின்சாரத்தில் செய்து முடிக்கும். உங்கள் மின்கட்டணச் சீட்டை எடுத்து, மேற்கொண்டு செலவாகும் 150 யூனிட்டுக்கு என்ன விலை எனப் பார்த்து, அதனைச் சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். யூனிட் ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறும் என்பதை மறவாதீர்கள். ஒரு வீட்டிற்கு இலாபமானது அடுத்த வீட்டிற்கு நட்டமாகலாம்.

மேலும், காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரமே இண்டக்‌ஷன் அடுப்புக்கு உதவும். மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் உதவா. 2000 வாட் அடுப்பைச் சிறிய பிளக்கில் மாட்டுதல் ஆபத்து. அதற்கெனப் பெரிய பிளக்கும், தக்க கம்பியும், எர்த் இணைப்பும் வேண்டும். பழைய வீடாயின் மின்பணியாளரை அழைத்துக் காட்டியபின் வாங்குவதே விவேகம்.

குளிர்சாதனப் பெட்டியை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அது இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்கும் கருவி. ஆதலால் விலையைவிட அது உண்ணும் மின்சாரமே கவனத்திற்குரியது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006 ஆம் ஆண்டில் நட்சத்திரக் குறி முறையைத் தொடங்கியது. நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாது, அக்குறியில் அச்சிட்டுள்ள ஆண்டு யூனிட் கணக்கையும் படியுங்கள். ஒன்றில் 200 என்றும் மற்றொன்றில் 140 என்றும் இருக்குமாயின், பத்தாண்டில் வேறுபாடு 600 யூனிட்! அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்துக்கு நிகராகாது. அக்குறிக்குரிய காலத்தையும் நோக்குக. நால்வர் குடும்பத்திற்கு நாற்பதின்மருக்கான பெட்டி வேண்டியதில்லை. விரலுக்கேற்ற வீக்கமே அழகு.

மிக்ஸியும் கிரைண்டரும் பற்றிப் பலர் வீணே அஞ்சுகின்றனர். 150 வாட் கிரைண்டர் அரைமணி நேரம் சுழன்றாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. சுழலும் கருவி சிறிதே உண்ணும். சூடாக்குவதும் குளிர்விப்பதுமே பெரிதாக உண்ணும். இல்லத்தரசியின் தோள்வலியைப் போக்கும் கருவியில் கஞ்சத்தனம் காட்டுவது சிக்கனமாகாது.

இறுதியாக ஒன்று. 1983 ஆம் ஆண்டில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளை நாடெங்கும் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. நோக்கம் உயர்ந்ததே; ஆயினும் பல இல்லங்களில் அவ்வடுப்புகள் விரைவில் கைவிடப்பட்டன. உள்ளூர்ப் பாத்திரத்திற்கும் சமையல் முறைக்கும் அவை பொருந்தவில்லை. பழுது பார்ப்பாரும் இல்லை. நாடு கற்ற இப்பாடத்தை வீடும் கற்கவேண்டும். சமைப்பவரைக் கேளாமல் வாங்கிய கருவி பரணுக்கே போகும். எனவே, குடும்பத் தலைவர்களே, கடைக்குச் செல்லுமுன் அடுக்களைக்குச் செல்லுங்கள். எதில் நேரம் போகிறது, எதில் புகை வருகிறது, எது உடலை வருத்துகிறது என்று உங்கள் மனைவியிடமும் தாயிடமும் கேளுங்கள்.

காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட திருமடலில், படைப்பைப் பேணும் அன்றாடச் செயல்களுள் ஒன்றாக, உண்ணக்கூடிய அளவே சமைப்பதையும் குறிப்பிட்டார். அடுக்களைச் சிக்கனம் சிறு செயலே. ஆனால் நாள்தோறும் மும்முறை செய்யப்படும் செயல். அச்சிக்கனம் ஒருவரை வருத்திச் சேர்ப்பதாக இராமல், வருந்துவோரின் சுமையை இறக்குவதாக அமைவதாக.