ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே நான்கு மெழுகுவர்த்திகள்

நவம்பர் கடைசி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பினால், மழைத் தண்ணீரை இருபுறமும் வாரி இறைத்தபடி கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. விடியற்காலை ஆனாலும் நள்ளிரவு ஆனாலும் இந்தச் சாலை தூங்குவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை 2010-ல் திறந்தது. லாரி, பைக், டயர், செல்போன் என்று இன்று இங்கே தயாராகாத பொருள் குறைவு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி வளாகமே 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது.

வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. 2002-ல் சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்து ஆலயங்களில் ஞாயிறு பூசை காணும் இவர்களுக்கு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொரு காலம் இருக்கிறது. அதன் பெயர் திருவருகைக் காலம்.

சத்தமில்லாத நான்கு வாரங்கள்

நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை இந்தக் காலம் தொடங்கும். நான்கு ஞாயிறுகள். குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிவார். ஞாயிறு பூசையில் வழக்கமாகப் பாடும் 'வானவர் கீதம்' கிறிஸ்துமஸ் வரை ஒலிக்காது. பீடத்தில் பூ அலங்காரமும் குறைவுதான். கடைத்தெருவில் நட்சத்திரமும் கேக்கும் வந்துவிட்ட நேரத்தில், ஆலயம் மட்டும் 'கொஞ்சம் பொறு' என்கிறது.

வீட்டில் அதன் அடையாளம் ஒரு பச்சை வளையமும் நான்கு மெழுகுவர்த்திகளும். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். வாரம் ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். ரோஸ் நிறத்தின் முறை மூன்றாம் வாரம். அது மகிழ்ச்சியின் ஞாயிறு.

இந்த வளையத்தின் கதை ஒரகடத்துக்கு நன்றாகவே பொருந்தும். 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விகர்ன் என்ற லூத்தரன் போதகர், 'கிறிஸ்துமஸ் எப்போது வரும்?' என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். நாளுக்கு ஒன்று ஏற்றினார். பிறகுதான் அது நான்காகச் சுருங்கி, கத்தோலிக்க வீடுகளுக்கும் வந்தது. சக்கரங்கள் உருளும் இந்த ஊரில், அந்தச் சக்கரம் மட்டும் மேசை மேல் அசையாமல் இருக்கிறது.

எல்லோரும் விழித்திருக்கும் அரை மணி நேரம்

லைன் வீட்டில் இரண்டு அறை போர்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வாரா வாரம் மாறும் ஷிஃப்ட். அம்மாவுக்கு செல்போன் கம்பெனியில் வேலை. எட்டாவது படிக்கும் மகள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஆச்சி.

இந்த வீட்டில் மெழுகுவர்த்தி வாங்குவது கஷ்டமில்லை. நான்கு பேரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். அப்பா இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வார விடுமுறையும் எப்போதும் ஞாயிறாக இருப்பதில்லை. அதனால் திருவருகைக் கால ஏற்பாடு சமையலறைக் காலண்டரில்தான் தொடங்குகிறது. யாருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று குறித்து, பொதுவாகக் கிடைக்கும் அரை மணி நேரத்தை வட்டமிடுகிறார்கள். ஞாயிறு தவறினால் செவ்வாய். கணக்கு நாளில் அல்ல, கூடுவதில்.

அந்த அரை மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. டிவி அணைக்கப்படும். மகள் விவிலியத்திலிருந்து சில வசனங்கள் வாசிப்பாள். ஆச்சி செபமாலை சொல்லுவார். பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது போவது என்று பேச்சு வரும். மகள் மாட்டுக்காரப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிடி வைக்கோல் வாங்கி வைத்திருப்பாள். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் காலித் தொட்டிலில் ஒரு வைக்கோல் போடலாம். பொய் சொல்லாமல் இருந்ததற்கு ஒன்று, பாத்திரம் கழுவியதற்கு ஒன்று. கிறிஸ்துமஸுக்குள் பாலனுக்கு மெத்தை தயாராக வேண்டும்.

தனியாக வந்து தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு இதுகூட அமைவதில்லை. அறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வழியில்லாவிட்டால், ஊரில் அம்மா ஏற்றுவதை வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம்.

மழையும் மார்கழியும்

வடகிழக்குப் பருவமழை இந்தக் காலத்தோடு சேர்ந்தே வரும். 2023-ல் முதல் ஞாயிறு டிசம்பர் 3. மறுநாள் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் சுற்று வட்டாரத்தையும் புரட்டிப் போட்டது. இந்தப் பகுதியில் பல ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. மின்சாரம் போன வீடுகளில் அந்த முதல் மெழுகுவர்த்தி செபத்துக்கு மட்டுமல்ல, வெளிச்சத்துக்கும் உதவியிருக்கும்.

மூன்றாம் வாரம் தாண்டும்போது மார்கழி பிறக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். 'திருப்பாவை ஜீயர்' என்றே பெயர் பெற்றவர் அவர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் விடியலில் திருப்பாவை ஒலிக்க, இன்னொரு தெருவில் ஆச்சி செபமாலையைக் கையில் எடுப்பார். இருள் பிரியுமுன் எழுந்து காத்திருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

லீவு கிடைக்குமா?

டிசம்பர் நடுவில் வீட்டில் ஓடும் பெரிய கேள்வி இதுதான். தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களுடன் 5 பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்தில் கிறிஸ்துமஸ் இருந்தாலும், 24-ஆம் தேதி இரவு ஷிஃப்ட் இருக்கத்தான் செய்யும். ஊருக்குப் போக பஸ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்பது கடைசி வாரம் வரை முடிவாகாது.

இதற்குள் அட்டைப்பெட்டியில் குடில் எழுந்துவிடும். சின்னத் தட்டில் விதைத்த கேழ்வரகு முளைத்துப் பச்சைப் புல்லாகும். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு, மாடு எல்லாம் வந்துவிடும். தொட்டில் மட்டும் காலி. பாலன் சொரூபம் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கும்.

வழக்கப்படி நள்ளிரவில் அதைத் தொட்டிலில் வைக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு அன்று இரவு ஷிஃப்ட் விழுந்தால்? ஆச்சியும் அம்மாவும் மகளும் பூசைக்குப் போய்த் திரும்பிய பிறகும் சொரூபம் அலமாரியிலேயே இருக்கும். நான்கு வாரம் காத்திருந்தவர்களுக்கு இன்னும் சில மணி நேரம் பெரிதல்ல. விடிந்ததும் தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும். அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து, வைக்கோல் மெத்தையில் பாலனைக் கிடத்துவார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ்.