திறவாத கோப்பு

இறந்தோரின் நிழற்படத்தைச் சட்டமிட்டு, மாலை சூட்டிச் சுவரில் மாட்டுகிறோம். அவர்தம் குரலையோ பெரும்பாலும் அவரோடேயே அடக்கம் செய்துவிடுகிறோம். குரலைக் காக்க வழியில்லாதிருந்த காலத்தில் அது குற்றமன்று. வழியிருந்தும் கவனக்குறைவால் இழந்துவிட்டால் அது குற்றமே. அத்தகைய குற்றமொன்றை நாமே செய்திருக்கிறோம். வாசக அன்பர்கள் அதே குழியில் விழாதிருத்தல் வேண்டும் என்பதற்காக அதனை இங்கு எழுதுகிறோம்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கில் முதிய உபதேசியார் ஒருவர் இருந்தார். தபசுகாலத்தில் அவர் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கத் தொடங்கினால், கோயிலில் சிறு பிள்ளைகளும் சந்தடியின்றி அமர்ந்து கேட்பார்கள். 2012-ஆம் ஆண்டில் அவரைச் சக்கிரீஸ்தில் அமர்த்தி, கணிப்பொறியில் ஒலிவாங்கியை இணைத்து, ஒரு மணி நேரம் வாசிக்கச் செய்து பதிவு செய்தோம். அதற்குப் பயன்பட்டது ஆடாசிட்டி என்னும் மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் என்னும் இருவர் 1999-இல் தொடங்கி, 2000-இல் வெளியிட்ட கருவி அது. விலையின்றிக் கிடைப்பதால் எளிய பங்குகளுக்கும் ஏற்றது.

ஈராண்டு கழித்து நமக்கு மாறுதல் வந்தது. புறப்படும் அவசரத்தில் அந்தப் பதிவின் கோப்பை ஒரு பென்டிரைவில் படியெடுத்துக்கொண்டோம். பழைய கணிப்பொறி பின்னர்ப் பழுதுற்றுக் கழிக்கப்பட்டது. 2019-இல் உபதேசியார் ஆண்டவரில் துயில்கொண்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய துணைவியார் பேத்தியை அழைத்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தார். “சாமி, அவர் நினைவு நாள் வருகிறது. அன்றைக்கு அவர் வாசித்ததைக் கோயிலில் ஒரு தடவை போடுவீர்களா?” என்று கேட்டார். பெருமிதத்தோடு பென்டிரைவைச் செருகினோம். கோப்பு திறக்கவில்லை. தரவு உறையைக் காணவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் தோன்றியது.

காரணம் பின்னரே விளங்கியது. அக்காலத்து ஆடாசிட்டியில் ‘ஏ.யு.பி.’ என்று முடியும் கோப்பில் ஒலி இராது. எந்தத் துண்டு எந்த இடத்தில் வரவேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே இருக்கும். ஒலி முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக, பக்கத்திலுள்ள ‘டேட்டா’ என்னும் உறையில் கிடக்கும். நாம் எடுத்து வந்தது அட்டவணையை. விட்டு வந்தது புத்தகத்தை! 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இரண்டும் ‘ஏ.யு.பி.3’ என்னும் ஒரே கோப்பில் அடங்கின. நம் பதிவுக்கு அந்தத் திருத்தம் காலங்கடந்தது.

தவறு நம்முடையதே என்று அந்த அம்மாவிடம் ஒளிவின்றிச் சொன்னோம். “மனுஷரே போய்விட்டார், குரலா பெரிது? விடுங்கள் சாமி” என்றார் அவர். வாய்தான் அப்படிச் சொன்னது, கண்கள் சொல்லவில்லை.

அப்பொழுது பேத்தி தயங்கித் தயங்கி, “தாத்தா திண்ணையில் வாசித்ததை நான் கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கிறேன், சாமி. 11 நிமிடம் இருக்கிறது” என்றாள். கேட்டோம். குரல் மிகத் தாழ்வாக இருந்தது. தெருவிரைச்சல் அதனை மூடியது. கோயிலில் ஒலிக்கவேண்டுமாயின் சீர்செய்தல் அவசியம். ஆடாசிட்டியில் திறக்க முயன்றோம். ‘எம்.4.ஏ.’ வகையைச் சார்ந்த அக்கோப்பும் திறவாமல் அடம்பிடித்தது.

பாடகர் குழுத் தம்பி ஒருவர் கோப்பின் பெயர்க் கடைசியை ‘எம்.பி.3’ என மாற்றிப் பார்த்தார். பயனில்லை. பெயரை மாற்றினால் உள்ளிருப்பது மாறிவிடுமா? பின்பு, ‘ரா டேட்டா’ என்னும் வழியில் வலிந்து திறந்தார். அறையெங்கும் அருவி கொட்டுவதுபோன்ற இரைச்சலே எழுந்தது. சுருக்கிக் கட்டிய ஒலியை அதற்குரிய முறையில் அவிழ்க்காமல் அப்படியே கொட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

வேவ், எம்.பி.3, பிளாக் போன்ற வகைகளை ஆடாசிட்டி தானே திறக்கும். எம்.4.ஏ. போன்றவற்றிற்கு எஃப்எஃப்எம்பெக் என்னும் துணை நூலகத்தைத் தனியே நிறுவவேண்டும். காப்புரிமைச் சிக்கல்களால் அது உடன் தரப்படுவதில்லை. அதனை நிறுவியபின் கோப்பு திறந்தது. திரையில் நீல அலைகள் எழுந்தன.

தம்பி இரைச்சலைக் குறைத்தார், குரலை உயர்த்தினார், தொடக்கத்தில் உபதேசியார் இருமுவதை வெட்ட முற்பட்டார். அந்த அம்மா பதறி, “தம்பி, அதை எடுக்காதீர்கள். இருமிவிட்டுத்தான் அவர் வாசிப்பார்” என்றார். இருமல் தப்பியது.

நினைவு நாளன்று திருப்பலிக்கு முன் கோயிலில் அக்குரல் ஒலித்தது. முதல் இருமலைக் கேட்டதுமே அந்த அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அன்பர்களே, இதில் நாம் கற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். முதலாவது, மூலக் கோப்பை ஒருபோதும் தொடாதீர்கள். அதற்கொரு படியெடுத்து, படியையே மென்பொருளில் திறவுங்கள். இரண்டாவது, ‘சேவ்’ செய்வது போதுமானதன்று. அதனால் உண்டாகும் வேலைக் கோப்பை ஆடாசிட்டி இல்லாத இடத்தில் கேட்கவியலாது. ‘எக்ஸ்போர்ட்’ என்னும் வழியில் வேவ் கோப்பாகவும் எடுத்துவையுங்கள். எம்.பி.3 ஆக ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒலியில் சிறிது தேய்கிறது, வேவ் தேய்வதில்லை. ஒற்றைத் தடத்தில் 11 நிமிடத்திற்கு ஏறக்குறைய 58 மெகாபைட் இடம் பிடிக்கும், பிடித்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது, ஒரே இடத்தில் வையாதீர்கள். இரண்டு வீடுகளில் இரண்டு படிகள் இருக்கட்டும். எடுத்து வந்தவுடன் திறந்து கேட்டுப் பாருங்கள். நாம் அன்றே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

காது கேளாதவனின் செவிகளை ஆண்டவர் திறந்ததை மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குழந்தைகளின் திருமுழுக்கில் ‘எப்பத்தா’ சடங்கின்போது செவியையும் வாயையும் குருவானவர் தொடுவதும் அதன் நினைவாகவே. கேட்பதற்கென்று திறக்கப்பட்ட செவிகள் நம்முடையவை. உங்கள் இல்லத்துத் திண்ணையில் செபமாலை சொல்லும் பாட்டி இன்னும் இருக்கிறார் அல்லவா? இன்று மாலையே அவர் அருகில் அமர்ந்து அந்தக் குரலைப் பதிவு செய்யுங்கள். இருமினால் வெட்டிவிடாதீர்கள்.