கண்ணாடி வேண்டாம் என்ற கடைக்காரர்

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் போர்டே மங்கலாகத் தெரிந்தது. நான்தான் மண்டு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு அரியர்.

மூட்டை தூக்கும் என் அப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கம் 30 வருடமாகத் தனியாகக் கடை நடத்தும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் கூட்டிப்போனார். 6 மீட்டர் தள்ளியிருந்த எழுத்துகளை, சிறு துளை போட்ட அட்டை வழியாகப் படிக்கச் சொன்னார். பளிச்சென்று தெரிந்தது!

"துளையில தெளிஞ்சா பவர்தான் தம்பி. மைனஸ் ஒண்ணரை. உன் மூளைக்கு ஒண்ணுமில்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து அப்பா. துளையிலும் அவருக்குத் தெளியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தவர், "புரை மாதிரி இருக்குண்ணே. கண்ணாடிக்குக் காசை வீணாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"வந்த வியாபாரத்தை விட்டுட்டீங்களே சார்?" என்றேன். பழைய நோட்டுகளைக் காட்டினார். பக்கம் பக்கமாக, வந்தவர்களின் பவர் கணக்கு. "இப்ப இவங்க பேரப்பிள்ளைங்க வர்றாங்க தம்பி."

ஆபரேஷன் முடிந்து அப்பா கண்ணாடி வாங்கியதும் அங்கேதான். என் அரியரும் போயிற்று.

நாளை நாமும் ஒர்க்‌ஷாப் வைப்போம். நல்ல பேரிங்கைப் பார்த்து, "மாத்த வேண்டாம்" என்று சொல்ல நமக்கு மனசு வருமா, நண்பர்களே?