துயோ என்றால் கருவாடு

போன மாதம் தம்பி கத்தாரிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். தோகாவில் ஓர் ஓட்டல் சமையலறையில் ஆறு வருடமாக வேலை. வந்த மூன்றாம் நாள் ராத்திரி, "அக்கா, நாளைக்கு காலை டிபன் நான் செய்யறேன். ஃபிலிப்பைன்ஸ் டிபன்" என்றான்.

அம்மா சிரித்தாள். "மாவு இருக்குது, இட்லி ஊத்தினா ஆச்சு. அது இன்னாடா டிபனு?"

"ராத்திரி மீந்த சோறு, கருவாடு, முட்டை. அவ்ளோதாம்மா."

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏன் ஜன்னலைப் பார்த்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன் தோழர்களே.

நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தெருவில். வாடகை வீடு. நாங்கள் கீழே, வீட்டுக்காரர் குடும்பம் மாடியில். நான்கு வருடத்துக்கு முன்பு வீடு தேடி அலைந்தபோது யாரும் என் சாதியை நேராகக் கேட்கவில்லை. "சொந்த ஊர் எது?", "ஊர்ல எந்தத் தெரு?", "நீங்க சைவமா?" இந்த மூன்று கேள்வி போதும் அவர்களுக்கு. இரண்டாவது கேள்வியிலேயே பல வீடுகள் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க" ஆகிவிட்டன. இந்த வீட்டுக்காரம்மா மூன்றாவதை மட்டும் கேட்டார். "முட்டை, கோழி எப்பவாவது" என்றேன். "அது பரவால்ல. கருவாடு மட்டும் வேணாம்மா. பௌர்ணமிக்கு ஜனங்க மலை சுத்துற இடம்" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குள்தான் நான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். அம்மாவுக்குக் கருவாட்டு ஆசை வந்தால் ஊருக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு வருவாள். மாடியில் இருப்பவர்கள் வெளியூர் போன நாட்களில் எல்லா ஜன்னலையும் சாத்தி, வாசலில் ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு, அவசரமாக நாலு துண்டு வறுப்போம். பகலில் நான் கிராமங்களுக்குப் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி இளைஞர்களுக்கு வகுப்பு எடுப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜன்னல் சாத்துவேன்.

தம்பியின் டிபன் முதல் நாள் நடக்கவில்லை. காரணம் அம்மா. அவன் எடுத்து வைத்த சோற்றில், படுக்கப் போகும் முன் வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். காலையில் பானையைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். "அம்மா, தண்ணி ஊத்தினா பழைய சோறு. ஊத்தாம வச்சாத்தான் அவங்க டிபன்!" என்றான். "தண்ணி ஊத்தலன்னா கெட்டுப் பூடும்டா" என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு வெங்காயம் கடித்துப் பழைய சோறே குடித்தோம். அடுத்த நாள் ராத்திரி சோற்றை அவனே தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துக் காவல் காத்தான்.

செய்முறை எளிது. ஆறி விறைத்த சோற்றைக் கையால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து பல் பூண்டைத் தட்டி, எண்ணெயில் பொன்னிறமாக வரும்வரை வதக்க வேண்டும். கருகினால் கசக்கும். பாதிப் பூண்டை எடுத்து வைத்துவிட்டு, மீதியோடு சோற்றைப் போட்டு, உப்புத் தூவிப் பிரட்ட வேண்டும். மசாலா கிடையாது, கறிவேப்பிலை கிடையாது. எடுத்து வைத்த பூண்டை மேலே தூவினால் அது சினாங்காக். முட்டைக்கு அவர்கள் மொழியில் இத்லோக். இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டினால் சிலோக். கூட என்ன வைக்கிறோமோ அதன் பெயர் முன்னால் சேரும். பதப்படுத்திய மாட்டுக்கறியாகிய தாப்பா வைத்தால் தாப்சிலோக். கருவாடு வைத்தால் துய்சிலோக். கருவாட்டுக்கு அங்கே துயோ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு 'காய்ந்தது' என்றுதான் பொருளாம். தொட்டுக்கொள்ள, பூண்டும் மிளகாயும் நறுக்கிப் போட்ட வினிகர். பக்கத்தில் இரண்டு துண்டு தக்காளி.

இதைத் தம்பிக்குக் கற்றுக் கொடுத்தவர் அவனோடு அறையில் தங்கியிருக்கும் ஃபிலிப்பைன்ஸ்காரர். தம்பி அவரை 'குயா' என்றுதான் சொல்வான். அவர்கள் மொழியில் அண்ணன். குயா வீட்டில் மழைக்காலத்தில் இன்னொரு காலை உணவும் உண்டாம். பசையரிசியில் கொக்கோ போட்டுக் காய்ச்சிய இனிப்புக் கஞ்சி. சம்போராடோ என்று பெயர். அதற்கும் தொட்டுக்கொள்ள இதே கருவாடுதான். இதைக் கேட்டதும் அம்மா, "அப்ப நம்ம கூழுக்குக் கடிச்சிக்கிற மாதிரிதான்" என்றாள். எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர். ஐஸும் ஃப்ரிட்ஜும் இல்லாத காலத்தில் கழனி வேலைக்குப் போகிறவள் கைக்கு எட்டிய கடல்மீன் கருவாடு ஒன்றுதான். கெடாது, விலை குறைவு, ஒரு துண்டு இருந்தால் ஒரு சட்டி கூழ் இறங்கிவிடும். ஏழாயிரம் தீவுகள் உள்ள நாட்டின் கூலிக்காரரும் வேறு வழியில் யோசிக்கவில்லை.

இதைச் சொல்லி, அந்த நாடு சொர்க்கம் என்று நான் எழுத வரவில்லை. துயோ அங்கேயும் ஏழைச் சாப்பாடு என்றுதான் பேர் வாங்கியிருக்கிறது. தோகாவிலும் குயா கருவாடு வறுத்தால் மற்ற நாட்டுக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்களாம். ஆனால் தம்பி ஒன்று சொன்னான். "நாத்தம்னு திட்டுவாங்கக்கா. அடுத்த நிமிஷம் அவர் கூடவே உக்காந்து சாப்பிடுவாங்க. மோந்து பாத்து அவரு பொறப்பைக் கண்டுபிடிக்க மாட்டாங்க." வாடை பிடிக்காமல் போவது வேறு, வாடையை வைத்து ஆளை எடைபோடுவது வேறு. இந்த வித்தியாசத்தை எம்.ஏ. சமூகவியல் படித்த எனக்கு ஓட்டல் சமையல்காரன் சொல்லிக் கொடுத்தான்.

வகுப்பில் எம்.என். சீனிவாஸின் 'சமஸ்கிருதமயமாதல்' படித்திருப்பீர்கள். குடகு மக்களைப் பற்றி 1952இல் வந்த அவருடைய நூலில் பேசப்பட்டது. சாதி அடுக்கில் மேலே ஏற நினைப்பவர்கள் கறி, கள்ளை விட்டு மேல்சாதிப் பழக்கங்களைப் பிடித்துக்கொள்வதை அது விளக்குகிறது. தேர்வில் அதற்குப் பத்து மதிப்பெண் விடை எழுதினேன். ஊதுவத்தி கொளுத்திக் கருவாட்டு வாடையை மறைத்த நானே அதற்கு உதாரணம் என்று எழுதவில்லை.

'சைவ ஊர்' என்ற பேச்சுக்குக் கணக்கும் கிடையாது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்பு எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். எல்லா வீட்டிலும் மீன் கொதிக்கிறது. சில வீட்டு வாடை மட்டும்தான் தெருவுக்குத் தெரிகிறது.

வாடைதான் பிரச்சினை என்றால், வாடையே இல்லாத உணவில் பிரச்சினை வரக் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். முழுச் சைவம். விரிந்த சில நாட்களிலேயே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. உப்புமாவில் எந்தக் கருவாட்டு வாடை இருந்தது? அவர்கள் மோந்து பார்த்தது சமைத்த கையை.

ஆகவே நாம் உணவை மாற்றிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்பது பொய். ஜன்னல் சாத்தி நான் வாங்கியது மரியாதை இல்லை, தவணை.

இரண்டாம் நாள் காலைக்கு வருகிறேன். பூண்டு வதங்கி முடிந்தது. தம்பி கருவாட்டைக் கழுவித் துடைத்து, வாணலியில் போடப் போனான். ஊரிலிருந்து அம்மா கொண்டு வந்து டப்பாவில் பூட்டி வைத்திருந்த மத்திக் கருவாடு. நான் வழக்கம்போல எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். "உக்காருக்கா. பொகை போவணும்" என்றான். எளிமையான காரணம். புகை போக வேண்டும். நான் உட்கார்ந்தேன். அந்த இரண்டு நிமிடமும் என் வயிற்றைப் பிசைந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தட்டு வைத்து நாலு வாய் சாப்பிட்டிருப்போம். வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார். "என்னம்மா இது வாடை?"

தம்பி முந்திக்கொண்டான். "ஃபிலிப்பைன்ஸ் டிபன் ஆன்ட்டி. துய்சிலோக். நான் வேலை செய்யற ஊர்ல ஓட்டல்லயே போடுவாங்க."

அவர் முகம் அப்படியே மாறியது. "அப்படியா? வெளிநாட்டு அயிட்டமா? பூண்டு வாசனை நல்லா இருக்கே" என்று தட்டை எட்டிப் பார்த்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "கருவாடுங்கம்மா. மத்திக் கருவாடு. எங்க ஊர்ல எங்க அக்கா வாங்கிக் குடுத்தது. சின்ன வயசுலேர்ந்து நாங்க துன்றதுதாங்கம்மா."

குரலை உயர்த்தவில்லை. 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வாய் பிசைந்தாள். வீட்டுக்காரம்மா ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே போனார்.

"ஏம்மா, நான்தான் சமாளிச்சனே" என்றான் தம்பி.

"நாலு வருசமா இதுக்காவ ஊருக்கு பஸ்ஸு ஏறிப் போயி துன்னுட்டு வரேன்டா. இப்ப வேற நாட்டுப் பேரச் சொல்லித்தான் இத துன்னணுமா?"

மராத்தியில் ஷாஹு படோலே தலித் வீடுகளின் சமையலை மட்டுமே எழுதி 2015இல் ஒரு நூல் கொண்டுவந்தார். இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்ததை வைத்து நம் பாட்டிகள் என்ன செய்தார்கள் என்பதும் வரலாறுதான் என்று அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் கேட்டு எழுதி வையுங்கள். பெயரை மாற்றாமல் எழுதுங்கள். பழைய சோறு இன்று பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் வருகிறது. நாளை கருவாடும் வேறு பெயரில் வரலாம். அப்போது அதை இத்தனை நாள் சாப்பிட்டுக் காத்தவர்கள் யார் என்று சொல்ல நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மா இதுவரை எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வாடகை கொடுக்க மாடி ஏற வேண்டும். காலி செய்யச் சொன்னால் மறுபடியும் அந்த மூன்று கேள்விகளோடு தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இந்த முறை "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால், தெருவின் பெயரைச் சொல்லிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

தம்பி போன வாரம் கிளம்பினான். பெட்டியில் குயாவுக்காக அரைக் கிலோ மத்திக் கருவாடு. அம்மா நான்கு பாலித்தீன் பை போட்டுச் சுற்றிக் கொடுத்தாள். வாடைக்குப் பயந்து இல்லையாம், நமுத்துப் போகக் கூடாது என்பதற்காம்.

ஜெய் பீம்.