தந்தையின் தோள்
(மூன்றாமாண்டு, இளங்கலை விலங்கியல்)

எங்கள் ஊர் பண்ணைக்காடு. கொடைக்கானலைக் காண வருவோர் எங்கள் ஊர்ப் பிரிவைத் தாண்டி விரைந்து விடுவார்கள். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். வாழை குலை தள்ளினால் மட்டும் போதுமா? சரிவிலிருந்து பாதைவரை தாரை யாரேனும் சுமந்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் அப்படிச் சுமந்தவர் என் தந்தையார்.

சென்ற ஆண்டு காப்பிப் பழம் பறிக்கையில் அவர் வலக்கை தலைக்குமேல் எழவில்லை. தைலம், ஒத்தடம், வைத்தியர் வீட்டுப் பற்று எல்லாம் ஆயின. பின்னரே வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு இறங்கினோம்.

தோள்மூட்டுத் தேய்மானம் என்றார் மருத்துவர். தோளின் கிண்ணம் ஆழமற்றது. அதனால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். பந்துக்கிண்ண மூட்டுக்குத் தோளை எடுத்துக்காட்டாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அப்பாவுக்கு அம்மா சட்டை மாட்டிவிடுவது மட்டும் என் கண்ணில் படவில்லை!

துளைவழி அறுவை செய்யலாம் என்றார். 1918-இல் ஜப்பானியரான கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயை இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்த வழியில் வளர்ந்த வித்தை இது. இன்று தோளிலும் சிறு துளைகளிட்டு, உப்புநீரால் மூட்டை விரித்து, கேமராவில் பார்த்தபடியே பிய்ந்த நார்களைச் சீவி, உதிர்ந்த துணுக்குகளை எடுக்கிறார்கள்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். “கூட்டி அள்ளுவீங்க, சரி. பேந்த தரை திரும்ப வருமா டாக்டரய்யா?”

“வராதுங்க. வலி கொஞ்ச காலம் குறையலாம். ரொம்ப முத்திட்டா செயற்கை மூட்டுதான். எது செஞ்சாலும் இனிமே பாரம் தூக்கக் கூடாது.”

“அப்ப யாரு சுமப்பா?”

மருத்துவரிடம் இதற்கு விடையில்லை. “நான்” என்றேன். “நீ படிக்கிற சோலியப் பாரு” என்று அப்பா எரிந்து விழுந்தார். பேருந்தில் ஊர் வரும்வரை பேசவேயில்லை.

அறுவை நடந்தது. வாசல் கொய்யா மரத்தில் கப்பி கட்டிக் கயிற்றை இழுத்துப் பயிற்சி செய்தார். மூன்றாம் மாதம் தாமே சட்டை போட்டுக்கொண்டார். மழைநாளில் இன்னும் வலிக்கிறதாம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

விடுமுறையில் தார் சுமப்பவன் நானே. மேட்டிலிருந்து அப்பா குரல் கொடுப்பார்: “ஒரே தோள்ல வைக்காதடா, மாத்து!”