பெயர்க்க முடியாத கல்

திறந்த வெளியில் நிலத்தோடு ஒன்றி நிற்கும் பெருஞ்சிற்பத்தைச் செதுக்குவோருக்கும் பட்டறைக்குள் கல்லைப் புரட்டிவைத்துச் செதுக்குவோருக்கும் உளி ஒன்றே ஆயினும் தொழில் ஒன்றன்று. பட்டறைச் சிற்பி கல்லைத் தட்டி ஓசை கேட்டு, பிளவுள்ள கல்லை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்கலாம். பாறையிலேயே வேலை செய்பவருக்கு அந்த உரிமை இல்லையாதலால், கல்லின் குறையை எங்கே வைப்பது என்பதே அவர் எடுக்கும் முதல் முடிவாகிறது.

மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் எடுத்த முடிவு இவ்வகையில் துணிவானது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறை முகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவை அவர்கள் மறைக்கவில்லை. நாகர்களை அதனுள் செதுக்கி, தேவர், முனிவர், விலங்குகள் ஆகியோரில் பெரும்பாலோரை அதன் பக்கம் திருப்பி, அதையே ஆறாக்கினார்கள். இக்காட்சி அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். தொழில் செய்பவரின் கண்ணுக்கோ, கதை எதுவாயினும் பிளவே தலைவன்.

பாறைப் பரப்பிலிருந்து உருவம் ஓரளவே வெளித்தள்ளி நிற்கும் இத்தகைய வேலையைப் புடைப்புச் சிற்பம் என்பர். இதில் உருவத்தைச் செதுக்குவதைவிட அதைச் சுற்றியுள்ள தளத்தை உள்ளே இறக்குவதே பெரும்பாடு. ஒரு மூக்கு சிதறினால் ஒட்டுப்போட வழியில்லை. முகம் முழுவதையும் உள்வாங்கி மறுபடி செதுக்கவேண்டும், அப்போது தோளும் பின்னே போகும். கருங்கல்லில் உளியின் கூர் விரைவில் மழுங்குவதால், அதை உலையில் காய்ச்சி அடித்து நீரில் தோய்த்து உறுதியேற்றும் துவைச்சல் என்னும் வேலையும் செதுக்கலோடு இடைவிடாமல் நடந்தாகவேண்டும். இத்தனைக்கும் நடுவில், பெரிய யானையின் அருகே முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனையையும் அதைச் சுற்றி எலிகளையும் வைக்க ஒருவருக்கு மனம் இருந்திருக்கிறது.

பாறை கிழக்கு நோக்கியது. காலைக் கதிர் நேரே விழும்போது புடைப்பு தட்டையாகத் தோன்றி, வெயில் ஏற ஏறச் சாய்ந்த ஒளியில் யானைகளின் வயிறும் தந்தமும் திரண்டெழுகின்றன. உச்சி கடந்தால் முகம் முழுவதும் நிழலுக்குள் போகிறது. ஒரு கோட்டை எவ்வளவு ஆழமாக வெட்டுவது என்பதை இங்கே முடிவுசெய்வது அளவுகோல் அன்று, கதிரவனே.

அதே ஊரில் பாறையைக் குடைந்தெடுத்த ஒற்றைக்கல் கோயில்களான ஐந்து ரதங்களில் வேலை மேலிருந்து கீழாக நடந்திருப்பதை, முடிந்த சிகரங்களும் முடியாத அடிப்பகுதிகளும் காட்டுகின்றன. வெட்டாத பாறையே நிற்கும் தளமாக உதவும். சிதறும் சில்லும் முடிந்த வேலையின்மேல் விழாது.

கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலை இதற்கு நேர்மாறானது; வை. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில், வேறிடங்களில் செதுக்கிய கற்களைக் கடற்பாறைக்குக் கொண்டுவந்து அடுக்கி எழுப்பியது. ஆயினும் காற்றையும் அலையையும் கணக்கில் கொண்டே எழுந்த அது, 2004 ஆழிப்பேரலையிலும் அசையாமல் நின்றதால், இடத்துக்குரிய சிற்பம் என்னும் பெயருக்கு அதுவும் தகுதியுடையதே. எங்கோ செய்து எங்கோ நிறுத்தப்படும் சாலைச் சந்திச் சிலைகளுக்கு அத்தகுதி இல்லை.

மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பத்துக்குச் சற்றுத் தெற்கே, அதே காட்சியை வேறொரு பாறையில் தொடங்கிப் பாதியில் விட்ட சிற்பம் ஒன்று உண்டு. உருவங்கள் கல்லிலிருந்து எந்த வரிசையில் வெளிப்படுகின்றன என்பதை முடிந்த வேலை மறைத்துவிடும், முடியாத வேலை காட்டிக்கொடுக்கும். ஆகையால் இத்தொழிலைக் கற்க விரும்புவோர் முதலில் அதன் முன் போய் நிற்கவேண்டும்.